பற்றுச்சீட்டு இல்லாத அறுபது டொலர்

லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே சாபத்துக்கு உரியவர்கள் என்பது நம்மில் எவருக்கும் புதிய செய்தியல்ல. ஓதப் போன வயதிலேயே அது காதில் விழுந்துவிடுகிறது. ஆனால், வழியை மறித்து நின்று கேட்கப்படும்போது கொடுப்பவரின் நிலை என்ன? அவர் லஞ்சம் கொடுத்தவரா, கொள்ளை கொடுத்தவரா? இந்தக் கேள்வி பத்து வருடங்களுக்கு மேலாக என்னை விட்டபாடில்லை. காரணம், நானும் ஒருமுறை கொடுத்திருக்கிறேன். மெக்ஸிகோவின் திஹுவானா நகரில், இரவு ஒன்பது மணியளவில், வீதியோரத்தில் நின்றுகொண்டு, 60 அமெரிக்க டொலர்.

2014 ஓகஸ்டில் ராத்தாவின் மகனைப் பார்ப்பதற்காக சான் டியாகோ போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம், "எல்லையைக் கடந்து ஒரு சுற்றுச் சுற்றி வருவோம் மாமா" என்றான் மருமகன். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்ததால் மெக்ஸிகோவுக்கென்று வேறு விசா எடுக்க வேண்டியிருக்கவில்லை. சான் இஸித்ரோ கடவையை நடந்தே கடந்தோம். ரெவலூஸியோன் அவெனியூவில் கடைகளைப் பார்த்தோம். மீன் சாப்பிட்டோம். திரும்பும்போது, வீதியின் வடக்கு முனையில் நிற்கும் பெரிய வளைவைத் தாண்டி எல்லைப்பக்கம் நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு தெரு தள்ளிப் போய்விட்டோம். அந்த ஒரு தெருவில் எல்லாமே மாறிவிட்டது. விளக்குகளின் நிறம் மாறியது. வாசல்களில் பெண்கள் நின்றார்கள். நாங்கள் ஸோனா நோர்த்தே என்ற பகுதிக்குள் வந்திருந்தோம். எல்லை கடந்து வரும் ஆண்களுக்காகவே விழித்திருக்கும் பகுதி அது.

சீருடை அணிந்த இருவர் எங்களை நிறுத்தினார்கள். எந்தப் பிரிவினர் என்று எழுதப்போவதில்லை. அந்நகரில் சீருடைகள் பல. ஒருவர் கடவுச்சீட்டைக் கேட்டார். மற்றவர் எனது சட்டைப் பைக்குள் கையை விட்டார். கடதாசியில் சுற்றிய நான்கு மாத்திரைகள் வெளியே வந்தன. நீரிழிவுக்காக நான் தினமும் விழுங்கும் மெட்ஃபோர்மின். டப்பியை வீட்டில் வைத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கும் அவசரத்துக்கும் என்று எடுத்து வந்தவை. அவர் தலையை ஆட்டினார். அரைகுறை ஆங்கிலத்தில், இது பிரச்சினை என்றார். நிலையத்துக்குப் போக வேண்டும், நீதவான் காலையில்தான் வருவார், சில வேளை திங்கட்கிழமை ஆகலாம் என்றார்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அவர் பணம் கேட்கவில்லை. கஷ்டங்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இதை இங்கேயே முடித்துக்கொள்ள வழியில்லையா?" என்று கேட்டவன் நான். பிறகுதான் தொகை வந்தது. மெக்ஸிகோவில் இதற்கு 'மோர்திதா' என்று பெயர். கடி என்று அர்த்தம். கடிப்பதற்கு முன் வாய்க்குள் கையை நாமாகவே வைக்கும்படி செய்வதில்தான் அதன் சாமர்த்தியம் இருக்கிறது. அன்றிரவு வாங்கியவர் கேட்டாரா, கொடுத்தவன் நீட்டினேனா என்று யாராவது விசாரித்தால், நடந்ததை நடந்தபடி சொன்னால் தீர்ப்பு எனக்குப் பாதகமாகவே வரும்.

திஹுவானாவை அந்த ஒரு தெருவைக் கொண்டு அளப்பது அநியாயம். 1965இல் மெக்ஸிகோ ஆரம்பித்த எல்லைப்புறக் கைத்தொழில் திட்டத்துக்குப் பிறகு தொழிற்சாலைகளில் வேலை தேடி வந்த இலட்சக்கணக்கானோரின் ஊர் அது. ஆனாலும் அந்தத் தெரு எப்படி உண்டானது என்பதையும் சொல்ல வேண்டும். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு அமுலில் இருந்தது. சொந்த ஊரில் குடிக்க முடியாதவர்கள் எல்லையைக் கடந்தார்கள். 1928இல் அகுவா கலியெந்தே என்ற பெரும் சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. 1935இல் ஜனாதிபதி லாஸரோ கார்தெனாஸ் சூதாட்டத்தைத் தடைசெய்தபோது அது மூடப்பட்டது. விடுதி போனது, பழக்கம் போகவில்லை. வீட்டில் செய்யக் கூசுவதைச் செய்வதற்கு வேலிக்கு அப்பால் ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அந்த நகரத்தின் வடக்கு மூலையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. பணம் தெற்கே வருகிறது. பாவம் தெற்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் வடக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட தெருவில் நிற்கும் சீருடைக்காரருக்கு மிகப் பெரிய முதலீடு எது? துப்பாக்கியும் சட்டமும் இரண்டாம் பட்சந்தான். வந்தவனின் வெட்கமே அவரது முதலீடு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஊருக்குத் திரும்பிய பின்னர்தான் தேடிப் படித்தேன். மெக்ஸிகோ அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையின்படி, சிறு நிர்வாக மீறல்களுக்குத் தண்டப்பணம், 36 மணித்தியாலங்களுக்கு மேற்படாத தடுப்பு, அல்லது சமூகப்பணி என்பவற்றையே விதிக்கலாம். குற்றம் செய்தவர் கூலித் தொழிலாளியாயின் தண்டம் அவரது ஒரு நாள் கூலியைத் தாண்டக்கூடாது. வெளிநாட்டவர் தடுத்துவைக்கப்பட்டால் தனது நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கோருவதற்கு 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை உரிமை தருகிறது. 2009இல் வந்த சட்டம், சொந்தப் பாவனைக்கென வைத்திருக்கும் மிகச் சிறிய அளவு போதைப்பொருளுக்கே வழக்குத் தொடர்வதில்லை என்கிறது. எனது மாத்திரையோ போதைப்பொருளே அல்ல. நிலையத்துக்குப் போயிருந்தால் ஒரு மருந்துக்கடைக்காரரின் ஒரு வார்த்தையோடு விடயம் முடிந்திருக்கும்.

இவை எதுவும் அன்று எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? இதைத்தான் என்னால் துணிந்து சொல்ல முடியவில்லை.

இரவில் சீருடையைக் கண்டதும் கை தானாக அடையாள அட்டையைத் தேடும் நாட்டில் வாழ்ந்து பழகியவன் நான். சோதனைச் சாவடிகளின் முன் எத்தனையோ தடவை இறங்கி வரிசையில் நின்றிருக்கிறேன். பயந்திருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் இருந்த பயம் வேறு வகை. அன்றிரவு எனது மனதில் ஓடியது ஒரே ஒரு கேள்விதான்: "அந்தத் தெருவில் உங்களுக்கு என்ன வேலை?" இதைப் பொலிஸார் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ராத்தா கேட்பார். ஊரில் மனைவி கேட்பார். முப்பது வருடங்கள் பாடசாலையில் ஒழுக்கம் போதித்த மனுஷன், அறுபது வயதில், ஸோனா நோர்த்தேயில், சந்தேகத்துக்கிடமான மாத்திரையோடு! வழிதவறிப் போனோம் என்று சொன்னால் யார் நம்புவார்? ஆகவே, ஒரு பதிவேட்டில் எனது பெயருக்குப் பக்கத்தில் அந்தத் தெருவின் பெயர் எழுதப்படாமலிருக்க 60 டொலர் கொடுத்தேன்.

திரும்பும் வழியில், எல்லைக் கடவையின் நீண்ட வரிசையில் நிற்கும்போது மருமகன் மெதுவாகச் சொன்னான்: "மாமா, ஒங்களுக்குப் பயம் பொலிஸுக்கில்ல, வீட்டாக்களுக்கு." நான் பதில் சொல்லவில்லை. ராத்தாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

நேர்மையான மனிதனுக்குப் பற்றுச்சீட்டு ஒரு பாதுகாப்பு. வெட்கப்படும் மனிதனுக்கு அதுவே ஆபத்து. தண்டப்பணம் என்றால் சீட்டுத் தாருங்கள் என்று கேட்டிருந்தால் அந்த வியாபாரம் அங்கேயே குழம்பியிருக்கக்கூடும். சீட்டில்லாமலிருப்பதில் அவர்களுக்கு எவ்வளவு விருப்பமோ அவ்வளவு விருப்பம் எனக்கும் இருந்தது. அந்த இடத்தில் நாங்கள் மூவரும் கூட்டாளிகள்.

ஊருக்கு வந்து சில மாதங்களின் பின் எங்களூர் ஹஸ்ரத்திடம் பேச்சுவாக்கில் இதைக் கேட்டேன். "எனது நண்பர் ஒருவருக்கு வெளிநாட்டில் இப்படி நடந்ததாம்" என்று ஆரம்பித்தேன். ஹஸ்ரத் நிதானமாக விளக்கினார். அபிஸீனியாவுக்கு ஹிஜ்ரத் போயிருந்த இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அங்கே ஏதோ ஒரு காரணத்துக்காகப் பிடித்துவைக்கப்பட்டபோது, இரண்டு தீனார்கள் கொடுத்துத் தம்மை விடுவித்துக்கொண்டார்கள் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. பாவம் வாங்கியவர் மீதே, கொடுத்தவர் மீதல்ல என்பது அவர்களது கருத்தாகச் சொல்லப்படுகிறது. அநியாயத்தைத் தடுத்துக்கொள்ள வேறு வழியின்றிக் கொடுப்பவர் குற்றவாளியாக மாட்டார் என்று தாபிஈன்களிலும் பின்வந்த சட்ட அறிஞர்களிலும் பலர் சொல்லியிருக்கிறார்கள். தனக்கு உரிமையில்லாததைப் பெறுவதற்காகவோ, இன்னொருவரின் உரிமையைப் பறிப்பதற்காகவோ கொடுத்தால்தான் ஹராம்.

எவ்வளவு பொருத்தமான முன்னுதாரணம்! அவரும் அந்நிய நாட்டில் இருந்தவர். அவருக்கும் அந்த நாட்டு மொழி சொந்தமில்லை. சில மாதங்கள் நான் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு அந்த நிம்மதி போய்விட்டது. ஹஸ்ரத் சொன்ன சட்டத்தில் எந்தப் பிழையும் இல்லை. நான் கேட்ட கேள்விதான் பொய். 'நண்பர்' என்றது முதலாவது பொய். 'வேறு வழியில்லாமல்' என்றது இரண்டாவது. வேறு வழி இருக்கிறதா என்று நான் தேடியதே இல்லை. பொய்யான கேள்விக்குக் கிடைத்த சரியான பதில் யாருக்கு உதவும்? ஸஹாபி ஒருவரின் நிர்ப்பந்தத்தை எடுத்து எனது வெட்கத்துக்குப் போர்வையாகப் போர்த்தியிருந்தேன்.

ஹஸ்ரத்திடம் சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. அன்றிரவு நாங்கள் நிறுத்தப்பட்ட இடத்தில் ஒரு வாகனம் நின்றது. அதன் பின்தட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மெலிந்தவர். மடியில் ஒரு கறுப்புப் பொலித்தீன் பை. எங்களைக் கண்டு சுத்தமான அமெரிக்க ஆங்கிலத்தில், எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இலங்கை என்றதும் சிரித்தார். நாங்கள் பணத்தைக் கொடுத்து நடந்தபோது அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அவர் யாராக இருக்கலாம் என்பது பின்னர்தான் விளங்கியது. ஸோனா நோர்த்தேக்குப் பக்கத்திலேயே திஹுவானா ஆற்றின் கொங்கிறீட் கால்வாய் இருக்கிறது. 'எல் போர்தோ' என்பார்கள். அமெரிக்காவில் பல வருடங்கள் வாழ்ந்து, ஆவணமில்லாத காரணத்தால் நாடுகடத்தப்பட்டவர்கள் அங்கே குழிகளிலும் கூடாரங்களிலும் கிடந்தார்கள். 2013இல் வடக்கு எல்லைக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அவர்களது தொகையை 700க்கும் 1000க்கும் இடையில் மதிப்பிட்டார்கள். 2015 மார்ச்சில் அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். கையில் அடையாளப் பத்திரம் இல்லாதவர்கள். தெருவில் நடந்தாலே பிடிபடுகிறவர்கள்.

நான் கொடுத்த பணம் அவருக்கு என்ன செய்தது? நேரடியாக ஒன்றுமில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தெருவில் விடுதலைக்கு ஒரு விலை உண்டு என்பதை உறுதிப்படுத்தியவர்களில் நானும் ஒருவன். வருகிற வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் கொடுக்கக் கொடுக்க அந்த விலை ஊன்றி நிற்கிறது. நாங்கள் ஒருமுறை கொடுத்துவிட்டு எல்லையைக் கடந்துவிடுவோம். பயணக் கதைகளில் ஒன்றாகச் சொல்லிச் சிரிக்கவும் செய்வோம். அங்கே நிற்கும் பெண்களும், கால்வாயில் உறங்கும் மனிதர்களும், வண்டிக்கடை வைத்திருப்பவர்களும் அதே விலைக்கு முன்னால் தினமும் நிற்க வேண்டும். இன்னொருவரின் உரிமை பாதிக்கப்படாத வரையில்தான் எனக்கு அனுமதி என்றால், அந்த நிபந்தனையை நான் நிறைவேற்றினேனா?

நிர்ப்பந்தத்தில் கொடுப்பவரை நான் குற்றம் சொல்ல வரவில்லை. நோயாளி ஒருவர், தனியாக ஒரு பெண், சிறு பிள்ளையோடு வந்தவர் கொடுத்தால் அவர்களிடம் 36 மணித்தியாலச் சட்டத்தை ஒப்புவிப்பது கொடுமை. இன்று அதே தெருவில் நிறுத்தப்பட்டால் நானும் கொடுக்கக்கூடும். வயது கூடியிருக்கிறதே தவிரத் தைரியம் கூடவில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் நிலையத்துக்கே வருகிறேன் என்று ஒருமுறையாவது சொல்லிப் பார்ப்பேன். கொடுத்துவிட்டால், என்னை நிர்ப்பந்தித்தது எது என்பதை எனக்கு நானே ஒளிக்காமல் சொல்லிக்கொள்வேன். அனுமதி என்பது நிர்ப்பந்தத்துக்குரியது. அது உண்மையில் நிர்ப்பந்தந்தானா என்று பார்ப்பது பத்வா கொடுப்பவரின் வேலையல்ல, கேட்பவரின் வேலை.

கடந்த நோன்பில் மீண்டும் ஹஸ்ரத்திடம் போனேன். இம்முறை நண்பர் இல்லை, நானே. தெருவின் பெயர், மாத்திரை, நானாகக் கேட்ட வார்த்தை, வாகனத்தில் இருந்த மனிதர் எல்லாவற்றையும் சொன்னேன். ஹஸ்ரத் வெகுநேரம் பேசாமல் இருந்தார். சட்டம் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்:

"சேர், அந்த மத்த ஆளுக்கு எவ்வளவு கேட்டாங்க?"

எனக்குத் தெரியவில்லை. எனது பையில் இன்னும் 20 டொலர் இருந்தது. நான் விசாரிக்கவே இல்லை.