வழியில் நின்ற வண்டி

புதிதாக ஊர்தி வாங்கியவர் அதனை ஆலய முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை நம் கையில் தந்து, "மந்திரிச்சுக் குடுங்க சாமி" என்று கேட்பது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். நான் குருத்துவப் பணிக்கு வந்த புதிதில் இவ்வாறு வந்து நின்றவை பெரும்பாலும் மிதிவண்டிகளும் மொபெட்டுகளுமே. எப்போதாவது ஒரு பழைய அம்பாசிடர் வரும். அன்று ஆலயத்தைச் சுற்றியுள்ள பிள்ளைகள் யாவரும் கூடிவிடுவர். இன்றோ, காங்கேயம் வட்டாரத்தில் தேங்காய்க் களத்திலும் எண்ணெய் ஆலையிலும் அரிசி ஆலையிலும், அருகிலுள்ள திருப்பூரின் பின்னலாடைத் தொழிலிலும் உழைத்து முன்னேறிய குடும்பங்கள் கிரெட்டா, ஹாரியர், எக்ஸ்.யூ.வி. 700 என்று உயர்ந்து அகன்ற வண்டிகளில் வந்து இறங்குகின்றன. தீர்த்தம் தெளித்து முடித்து அவர்கள் வாசலைத் தாண்டியதும், எலுமிச்சம்பழத்தின்மீது சக்கரத்தை ஏற்றிச் செல்வோரும் உண்டு. பார்த்தும் பாராதவனைப்போல் நான் திரும்பிவிடுவேன்.

வண்டிகளை மந்திரிப்பதற்கென்றே, 1984ஆம் ஆண்டு திருச்சபை வெளியிட்ட ஆசிச் சடங்கு நூலில் ஒரு பகுதி உண்டு. ஆனால் அவசரத்தில் நான் வழக்கமாகச் சொல்லிவந்த மன்றாட்டு மிகச் சுருக்கமானது: இந்த வண்டியில் பயணம் செய்வோரை இறைவன் காத்தருள்க என்பதே அது. பல ஆண்டுகள் இவ்வாறு வேண்டியபின், ஓர் இரவு அனுபவம் அம்மன்றாட்டில் ஒரு குறை இருப்பதை எனக்கு உணர்த்திற்று. அதனை இங்கே எழுதுவது என் கடன் என்று கருதுகிறேன்.

முதலில், இவ்வண்டிகளை வைத்திருப்போர் சொல்வதை நேர்மையாகக் கேட்போம். ஞாயிறு திருப்பலிக்குப்பின் வேப்பமரத்தடியில் நின்று அவர்கள் பேசுவதை நான் விருப்பத்தோடு கேட்பவன். லாரியைப்போலத் தனிச் சட்டத்தின்மேல் உடலைப் பொருத்தாமல், காரைப்போல உடலும் சட்டமும் ஒன்றாகவே அமைத்து, உயரத்தை மட்டும் கூட்டிச் செய்யப்பட்டவை இவற்றுட் பெரும்பாலானவை. ஆகவே குலுக்கல் குறைவு. "அம்மாவுக்கு முட்டி வலிங்க சாமி. பழைய வண்டியில குனிஞ்சு உக்காந்தா எந்திரிக்கவே முடியாது. இதுல நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காந்துக்கறாங்க" என்றார் ஒருவர். வேகத்தடையில் அடிபடுவதில்லை, தோட்டத்து மண்பாதையில் கவலையின்றிப் போகலாம், செப்டம்பர்த் திருவிழாவுக்குக் கரூர், திருச்சி, தஞ்சை வழியாக வேளாங்கண்ணி சென்றுவந்தால் உடம்பு அலுப்பதில்லை. குறைகளும் உண்டு. விளம்பரத்தில் சொன்ன தூரம் ஒரு லிட்டருக்கு ஒருநாளும் கிடைப்பதில்லை. கடைவீதியில் நிறுத்த இடமில்லை. மூன்றாம் வரிசை இருக்கையில் வளர்ந்தவர் காலை நீட்ட முடியாது. அவ்வரிசையை விரித்தால் பெட்டி வைக்க இடமிராது. மாதத் தவணை கழுத்தை நெரிக்கிறது.

இவற்றுள் எதுவும் பாவமன்று. முட்டி வலிக்கும் தாய்க்கு ஏற்ற இருக்கை தேடுவது நான்காம் கட்டளைக்கு உகந்த செயலே. உழைத்துச் சேர்த்த பொருளில் குடும்பத்திற்கு ஓர் ஆறுதலைத் தேடுவோரைக் குற்றம் சாட்டும் மறையுரைகளில் எனக்கு நாட்டமில்லை. நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு: ஒரு வண்டி எனக்கு உரியதாகும்போது, அந்த வண்டி செல்லும் வழியில் இருப்போரும் ஏதோ ஒரு வகையில் எனக்கு உரியவர் ஆகிறார்களா?

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளி இரவு. தாராபுரம் சாலையை ஒட்டிய ஒரு கிளைக் கிராமத்தில் சிலுவைப்பாதையை முடித்துவிட்டு, எண்ணெய் ஆலை நடத்தும் அன்பர் ஒருவரின் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். வாங்கி மூன்று மாதமே ஆகியிருந்தது. ஏழுபேர் அமரக்கூடிய வண்டியில் நாங்கள் இருவரே இருந்தோம். விளக்கொளியில், சாலையின் ஓரத்தில் ஒரு மொபெட் சாய்ந்து கிடப்பதும், அருகில் ஒரு முதியவர் எழ முயன்று முடியாமல் சரிவதும் தெரிந்தன. நெற்றியில் குருதி. அன்பர் வேகத்தைக் குறைத்து என் முகத்தைப் பார்த்தார்.

"சாமி, நிறுத்தட்டுங்களா?"

நான் சொன்ன மறுமொழி இதுதான்: "108-க்குச் சொல்லிடலாம் தம்பி. நாம தூக்கப்போயி ஏதாச்சும் ஆயிட்டா வம்பு."

அவர் நின்றபடியே தொலைபேசியில் இடத்தைத் தெளிவாகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வருகிறது என்ற உறுதியும் கிடைத்தது. அந்த உறுதியைப் பெற்றுக்கொண்டு நாங்கள் புறப்பட்டுவிட்டோம். கண்ணாடி ஏற்றியிருந்தது, குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது, வெளியே அவர் ஏதேனும் சொன்னாரா என்பது எங்களுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. எங்களுக்குப்பின் தேங்காய் ஏற்றிவந்த ஒரு சிறிய சரக்கு வண்டியின் ஓட்டுநர், தம் வண்டியை முதியவருக்குப் பின்புறமாக நிறுத்தி, விளக்குகளை எரியவிட்டு, வேறெந்த வண்டியும் அவர்மேல் ஏறாதபடி காத்திருக்கிறார். முதியவரை அசைக்காமல், தலையை மட்டும் தாங்கிப் பிடித்தபடி, அவர் சொன்ன எண்ணில் அவருடைய வீட்டாரை அழைத்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிச் சென்றபின்பே புறப்பட்டிருக்கிறார். முதியவர் கால் எலும்பு முறிவோடு பிழைத்துக்கொண்டார்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். 108ஐ அழைத்தது தவறன்று, அதுவே சரி. 2008 முதல் நம் மாநிலத்தில் இயங்கிவரும் அச்சேவையில் பயிற்சி பெற்றோர் வருகின்றனர். முதுகெலும்பு அடிபட்டவரை அறியாதவர் அள்ளித் தூக்கினால் கேடு மிகும் என்பதும் மெய்யே. சரக்கு வண்டிக்காரரும் அவரைத் தூக்கவில்லை. எங்களுக்கும் அவருக்கும் இருந்த வேறுபாடு அழைத்ததில் இல்லை, நின்றதில் இருந்தது. நான் சொன்ன அறிவுரையில் பாதி அறிவு. மறுபாதி, அந்த அறிவைப் போர்த்திக்கொண்ட கோழைத்தனம். உண்மையான காரணங்களுக்குள்தான் நம் பொய்யான காரணங்கள் வசதியாக ஒளிந்துகொள்கின்றன.

'வம்பு' என்று நான் சொன்னதற்கும் இன்று அடிப்படை குறைவு. விபத்தில் உதவுவோரைத் துன்புறுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளை உச்சநீதிமன்றம் 2016இல் ஏற்று நாடெங்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ வாராதபடி காக்கிறது. அப்படி உதவுகிறவருக்குச் சட்டம் ஆங்கிலத்தில் இட்டிருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'நல்ல சமாரியர்'. நாட்டின் சட்டமே நம் நற்செய்தியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டிருக்க, நற்செய்தியைக் கையில் வைத்திருந்த நான் வண்டியை விடச் சொன்னேன்.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். குருவும் லேவியரும் விலகிச் சென்றதை நான் எத்தனையோ முறை கண்டித்துப் பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் சமாரியர் அடிபட்டவரைத் தம் சொந்த விலங்கின்மேல் ஏற்றினார் என்ற சிறு செய்தியை நான் ஊன்றி நோக்கியதில்லை. அவரிடமும் ஒரு வாகனம் இருந்தது. அதன் முதுகில் அடிபட்டவர் இருக்க, அவர் நடந்தே சென்றிருக்கக்கூடும். குருதி அந்த விலங்கின்மேலும் வழிந்திருக்கும். பின்னர் சத்திரத்தில் உடனிருந்து கவனித்துக்கொண்டார்; மறுநாள்தான் புறப்பட்டார். வாகனம் வைத்திருப்பவர் அதை எப்போது நிறுத்தவேண்டும் என்பதற்கும் அந்த உவமை ஒரு பாடம்.

நம் ஊருக்கு இது புதிய பாடமன்று. காங்கேயம் என்றதும் நினைவுக்கு வருவது காளை. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் கொண்ட கொரங்காட்டு மேய்ச்சலில் வளர்ந்த அந்தக் காளைகள் பூட்டிய வண்டிகளே ஒரு காலத்தில் இங்கே குடும்ப ஊர்தி. வண்டிக்காரரும் நடப்பவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சென்றனர்; ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தனர்; "ஏறிக்குங்க" என்று சொல்லாமல் தாண்டிப்போவது கடினம். மேலும் காளை களைக்கும். அதற்குத் தண்ணீர் காட்டவேனும் வண்டிக்காரர் நின்றாகவேண்டும். அந்த நாளின் மனிதர் நம்மினும் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிடையே சாதிக் கொடுமை எவ்வளவு இருந்தது என்பதையும், எல்லாரையும் அவ்வண்டிகள் ஏற்றிக்கொள்ளவில்லை என்பதையும் அறிவேன். ஆயினும் அவர்களது ஊர்தி அவர்களை நிற்க வைத்தது. நம்முடையது களைப்பதில்லை, எனவே நிற்பதை நாமே முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. இது நிறுத்துவதைப் பற்றியதன்று, ஓட்டுவதைப் பற்றியது. "என் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவே பெரிய வண்டி வாங்கினேன்" என்று தந்தையர் சொல்கின்றனர். நல்ல எண்ணமே. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் திட்டம் வண்டிகளை மோதவிட்டு நட்சத்திரம் வழங்குகிறது. அவை முதன்மையாக உள்ளே இருக்கும் பெரியவரும் குழந்தைகளும் எவ்வளவு காக்கப்படுகின்றனர் என்பதையே காட்டுகின்றன. வெளியே இருப்பவர்? 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்கிறது நடுவண் அரசின் அறிக்கை. அவர்களுள் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றோர். 19 விழுக்காட்டினருக்கு மேல் நடந்து சென்றோர். அமெரிக்காவில் காப்பீட்டாளர்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்மூடி 40 அங்குலத்திற்குமேல் உயர்ந்த வண்டிகள், தாழ்ந்து சாய்ந்த முகப்புடைய வண்டிகளைவிட, நடப்பவர்மேல் மோதும்போது உயிரைப் பறிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம். நம் ஊர் நடுத்தர வண்டிகள் யாவும் அவ்வளவு உயரமானவை அல்ல. ஆயினும் ஒன்றரை டன் எடையுள்ள வண்டியும் நூறு கிலோகூட எடையில்லாத மொபெட்டும் ஒரே சாலையில் செல்லும்போது, என் பாதுகாப்புக்கு வேறொருவர் விலை கொடுக்க நேரலாம் என்பதை மறுக்க இயலாது.

இதற்கு விடை, எல்லாரும் வண்டியை விற்றுவிடவேண்டும் என்பதன்று. வலிமை மிகுந்தவனுக்குக் கடமையும் மிகும் என்பதே விடை. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். மணிக்கு அறுபதில் செல்வதை முப்பதாகக் குறைத்தால், பனியன் கம்பெனியில் இரவு முறை முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு சாலையைக் கடக்கும் பெண்ணுக்கு நாம் செய்யும் அறம் அது. எவரும் நன்றி சொல்லாத அறம். அவளுக்கே அது தெரியாது.

புனித தாமஸ் அக்குவினாஸ் உடைமையைப் பற்றிச் சொல்லுமிடத்தில் இரண்டைப் பிரித்துக் காட்டுகிறார். பொருளைத் தேடவும் பராமரிக்கவும் தனியுரிமை தக்கதே. ஆனால் அதனைப் பயன்படுத்துமிடத்து, தேவையில் இருப்போருக்கு எளிதில் பகிர்ந்தளிக்கும் வகையில் பொதுவானதாகவே கருதவேண்டும் என்பது அவர் கருத்து. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் இதனையே வழிமொழிந்தது. 2007இல் சாலைப் பயணிகளின் மேய்ப்புப்பணிக்கென வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி, ஓட்டுநருக்குப் பத்துக் கட்டளைகளைத் தந்தது. விபத்தில் அடிபட்டோருக்கு உதவுவது அவற்றுள் ஒன்று. வண்டியை அதிகாரத்தின் அடையாளமாகக் கொள்ளாதிருப்பது மற்றொன்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் குருமாணவரிடமும் நவதுறவியரிடமும் பேசுகையில், புத்தம்புதிய வண்டியில் வரும் குருவையோ அருட்சகோதரியையோ காணும்போது தமக்கு வேதனையாக இருக்கிறது என்றார். எனக்குச் சொந்தமாகக் கார் இல்லை என்பதால் அச்சொல் எனக்கன்று என எண்ணியிருந்தேன். ஆனால் முன் இருக்கையில் அமர்ந்து வண்டியைப் போகச் சொன்னவன் நான்தான்.

அந்த அன்பர் இரண்டு வாரம் என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார். குருத்து ஞாயிறு அன்று தனியே வந்து நின்றார். "அன்னைக்கு நானு சீட்டு கறையாயிருமேன்னுதானுங்க சாமி நெனச்சேன். நீங்க வேண்டாம்னு சொன்னதும் மனசுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு" என்றார். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தார். எனக்கோ, என் குற்றத்தை அவர் வாயால் கேட்பதுபோல் இருந்தது. அந்த நிம்மதியை அவருக்குக் கொடுத்தவன் நான். குருவின் சொல் மனச்சான்றை விழிப்பூட்டவேண்டும். நான் அதைத் தாலாட்டித் தூங்கவைத்தேன். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னர் இருவருமாக அதே வண்டியில் அந்த முதியவரின் வீட்டுக்குச் சென்றோம். கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் இருந்தவரிடம், அன்றிரவு முதலில் வந்து போனவர்கள் நாங்களே என்று சொன்னோம். சற்று நேரம் எங்களைப் பார்த்திருந்துவிட்டு, "போனு பண்ணுனது நீங்கதானுங்களா? காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அந்தக் காப்பியை விழுங்குவது எளிதாக இல்லை.

இப்போதும் வண்டிகள் ஆலய முற்றத்திற்கு வருகின்றன. தீர்த்தம் தெளிக்கிறேன். இதில் செல்வோரைக் காத்தருளும் என்று வேண்டியபின், இதன் வழியில் இருப்போரை இவர்களிடமிருந்து காத்தருளும், தேவைப்படும் இடத்தில் இதனை நிறுத்தும் மனத்தையும் தாரும் என்று சேர்த்துக்கொள்கிறேன். சிலர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒரு சிறுவன் தன் தந்தையிடம், "வண்டி ஓடத்தானே மந்திரிக்கறது? நிக்கறதுக்குமா?" என்று கேட்டான். தந்தை என்னைப் பார்த்தார். நிற்பதற்கும்தான் என்றேன்.