தேக மெலிவும் புலனடக்கமும்

நடுவயசிலே பருத்த தேகத்தை மெலிவித்தவனை உலகம் அடக்கமுடையான் எனப் புகழ்கின்றது. மெலியமாட்டாதவனை ஊண்பிரியன் என இகழ்கின்றது. இவ்விகழ்ச்சி நியாயமாமோ?

யாம் எமது 52ஆம் வயசிலே சோற்றைப் பாதியாக்கிப் பாடசாலைக்கு நடந்தே சென்று, ஓராண்டில் 28 இராத்தல் குறைந்தோம். கண்டார் யாவரும் புகழ்ந்தனர். அப்புகழ் தலைக்கேற, ஆசிரியர் அறையிலே நண்பர் ஒருவரின் சோற்றுப்பொதியைச் சுட்டி நகையாடினோம். அதன்பின் அவர் எம்மோடிருந்து உண்டிலர்.

பின்னரே இதன் இயல்பை விசாரித்தோம். மெலிந்த தேகம் முன்னினும் குறைந்த சக்தியையே செலவிடும். லெப்டின் என்னும் ஓமோன் குறையப் பசியோ மிகும். 2021இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றிலே, செமகுளூட்டைட் என்னும் ஊசிமருந்தை 68 வாரம் ஏற்றவர்கள் சராசரி நூற்றுக்கு 15 பங்கு எடை குறைந்தனர். மருந்தை நிறுத்தி ஓராண்டு கழிந்தபோது, குறைந்ததில் மூன்றிலிரு பங்கு மீண்டமை 2022இல் தெரிந்தது. இவர்களுக்கு அடக்கம் ஊசியோடு வந்து ஊசியோடு போயிற்று என்பாருளரோ? வகுப்பிலே பருத்த பிள்ளையை நோக்கி யாம் எளிதாய்ச் சொல்லிவிடுஞ் சொல்லையும் ஆசிரிய அன்பர்கள் இங்கே நினைத்துப் பார்ப்பாராக.

மெலிதல் பயனற்றது என்கின்றோமல்லோம். 2002இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியிலே, நீரிழிவை அணுகிநின்றோர் உணவாலும் உடற்பயிற்சியாலும் சராசரி 12 இராத்தல் குறைய, அந்நோய் தோன்றுதல் நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. பயன் உண்டு, பிறரைப் பழிக்கும் உரிமையே அதனால் வாராது.

எமக்கும் 9 இராத்தல் மீண்டுவிட்டது. சோறு இன்றும் பாதியே. நண்பர் இன்னுந் தனியே உண்கின்றார். எமது பொதியை எடுத்துக்கொண்டு அவரருகே சென்றிருக்க நாணுகின்றோம்.