வேண்டாப் பொருளைக் கொடுத்தல்

வீடு புதுக்கப் புகுவோர் முதற்கண் செய்வது பழையனவற்றை வெளியேற்றுதலாம். கதவு, நிலை, பனஞ்சிலாகை, ஓடு, கால் முறிந்த கட்டில், கரையான் அரித்த அலுமாரி யாவும் ஒருநாளிலே முற்றத்திற் குவிகின்றன. விரும்பியோர் எடுத்துச்செல்க என்று அயலவர்க்குச் சொல்லிவிட்டுத் தருமஞ் செய்தோமென மனமகிழ்வார் பலர். தமக்கு வேண்டாததைக் கொடுத்தல் ஈகையாகுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

வேண்டாதது ஒருதன்மைத்தன்று. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளின் கூரையைத் தாங்கிநின்ற வைரம்பாய்ந்த பனைமரம், உடையவனுக்கு வேண்டாததாயினும், இன்னுமொரு தலைமுறைக்கு உதவ வல்லது. அதனை மழையிற் போட்டு உளுத்துப்போக விட்டபின் ஏழைக்கு அளித்தல் குப்பையை இடம்மாற்றுதலன்றிப் பிறிதன்று. கொடுப்பதாயின், கழற்றும்போதே ஆணி பிடுங்கி, நனையாது அடுக்கி, வண்டிக்கூலியையும் தாமே இறுத்தல் வேண்டும். கூலிக்கு வழியில்லாதவன் எங்ஙனங் கொண்டுசெல்வான்? போர் காரணமாக 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்தை விட்டகன்று, மறு ஆண்டு மீண்டவர்களுட் பலர் கதவுஞ் சன்னலும் அற்ற வீடுகளையே கண்டனர். ஒரு நிலைக்கதவின் அருமையை அவர்க்கு எடுத்துரைத்தல் மிகை.

இனி, அஸ்பெஸ்ரஸ் சீற் என வழங்குங் கல்நார்த் தகட்டின் செய்தி வேறு. அதன் நுண்ணிய நார் மூச்சுடன் நுரையீரலிற் புகுந்து புற்றுநோய் விளைக்குமென்றும், கல்நாரின் எவ்வகையும் இதற்கு விலக்கன்றென்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கூரையிற் பழுதின்றிக் கிடக்கும்வரை அதனால் வருந்தீங்கு சிறிது. உடைக்குங்கால், அறுக்குங்கால், துளைக்குங்கால் பெரிது. நோய் வெளிப்பட இருபது முப்பது ஆண்டுகள் செல்லுமாதலின் கொடுத்தவனை எவரும் வினவார். இவ்வினவாமையே பலர்க்குத் துணிவளிக்கின்றது போலும். முறிந்த துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கென அயல்வளவாருக்குக் கொடுத்தலும், ஒழுங்கைப் பள்ளத்திற் கொட்டி நிரப்புதலும் நிகழ்கின்றன. தம் பிள்ளைகள் உறங்கும் அறைக்கு ஆகாதென்று கழற்றியதைப் பிறர் பிள்ளைகளின் தலைமேல் வைத்தலை யாதென்று சொல்வோம்! அவர் கேட்டன்றோ வாங்கினார் என்பர் சிலர். அறியாது கேட்டவனுக்கு அறிந்தவன் வாய்திறவாது கொடுத்தல் வஞ்சனையென்றே யாம் கொள்கின்றோம். முகத்தை மூடாது அதனைச் சுத்தியலால் உடைக்குமாறு ஏவப்படுங் கூலியாள் திறத்தும் இஃதொக்கும்.

நீர் தெளித்து நனைத்து, உடையாது முழுத்தகடாய் இறக்கி, தடித்த பொலித்தீனிற் சுற்றிக் கட்டி, பிரதேச சபையாரை உசாவி அவர் காட்டுமிடத்திற் சேர்த்தலே முறை. செலவு மிகுமே என்பாருளர். தரைக்கு மாபிள் பதிக்கப் பணமுடையார் இச்செலவையும் வீட்டுக் கணக்கிற் சேர்த்து எழுதுவாராக.