போட்டிக்காக ஒரு நாடு எதை விட்டுக்கொடுக்கலாம்?

உலகச் சந்தையில் ஒரு நாட்டின் பொருளாதாரம் போட்டித்திறனோடு நிலைத்திருப்பதற்கான வழிகளை அரசுகள் பெரும்பாலும் உற்பத்தி, வரி, நாணய மதிப்பு ஆகியவற்றின் கணக்காகவே அணுகுகின்றன. ஆனால் அந்தக் கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே விடை கண்டாக வேண்டிய அறவியல் கேள்வி ஒன்று உண்டு. தன் பொருளை மலிவாக விற்பதற்காக ஒரு நாடு தனக்குச் சொந்தமானவற்றுள் எதையும் விட்டுக்கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், அதன் தொழிலாளருடைய உடலும் உயிரும் அந்த நாட்டுக்குச் சொந்தமானவைதாமா என்பதே அக்கேள்வி.

பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817-இல் இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் மதுவையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கிய ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு, ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பளவில் எளிதானதைச் செய்து மற்றதை வாங்கிக்கொண்டால் இரு தரப்பும் பயனடையும் என்கிறது; அதன்படி நாடுகள் ஒன்றையொன்று வீழ்த்த வந்தவை அல்ல. பொருளியலாளர் பால் க்ரூக்மனும் 1994-இல், நிறுவனம் நொடித்துப்போனால் மூடப்படும், நாடு அவ்வாறு மூடப்படுவதில்லை, ஆகவே நாட்டை நிறுவனமாகக் கருதிப் போட்டித்திறன் பேசுவது ஆபத்தான மயக்கம் என்று வாதிட்டார். வாதம் சரியானதே. எனினும் ஒரே தொழிலை நம்பி நிற்கும் நாட்டில், ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டால் ஆலைகள் மூடப்படுவது உண்மை. வேலையிழந்தவருக்கு நாடு மூடப்படவில்லை என்பது ஆறுதலாகாது.

வங்காளதேசம் அத்தகைய நாடு. 1970-களின் இறுதியில் தேஷ் கார்மென்ட்ஸ் நிறுவனம் தென்கொரியாவின் தேவூவோடு கூட்டுச் சேர்ந்து, ஏறத்தாழ 130 பேரைப் பூசான் நகருக்கு அனுப்பித் தொழில் பயிற்றுவித்ததிலிருந்து வேகம் பெற்ற ஆயத்த ஆடைத் தொழில், இன்று அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஈட்டித்தருகிறது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று பணக்கார நாடுகள் விதித்திருந்த இறக்குமதி ஒதுக்கீடு 2004 இறுதியோடு நீங்கியபின், ஒதுக்கீட்டின் பாதுகாப்பில்லாமல் விலையால் மட்டுமே ஆர்டரைத் தக்கவைக்க வேண்டிய நிலை அங்கே உருவாயிற்று.

அந்த விலைக்குள் அடங்கியிருந்தது எது என்பது 2013-இல் வெளிப்பட்டது. டாக்காவுக்கு அருகே சாவரில், ராணா பிளாசா என்னும் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏப்ரல் 23 அன்று விரிசல்கள் தெரிந்தன. கீழே இருந்த வங்கிக் கிளை தன் ஊழியரை வெளியேற்றி, மறுநாள் வர வேண்டாம் என்றது. மேல்தளங்களில் இயங்கிய தையல் ஆலைகளின் தொழிலாளர்களோ மறுநாள் காலை வற்புறுத்தி உள்ளே அனுப்பப்பட்டனர். மின்சாரம் நின்று, மேலே வைத்திருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் கட்டடம் சரிந்து, 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விரிசலைக் கண்டவர்கள் இரு சாராரும் ஒரே நாட்டின் குடிமக்கள். ஒரு சாராரின் வேலை மட்டும் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்ப வேண்டிய தேதியோடு கட்டப்பட்டிருந்தது.

இத்தகைய ஆலைகளைக் குறைகூறுவதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எளிதில் தள்ளத்தக்கது அன்று. முதலாளியால் சுரண்டப்படும் துன்பத்தைவிடச் சுரண்டுவதற்குக்கூட எவரும் முன்வராத துன்பம் பெரிது என்ற கருத்தைப் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் முன்வைத்தார். அவர் இடதுசாரிச் சிந்தனையாளர் என்பதால் அதற்குக் கனம் கூடுகிறது. கிராமத்தில் கூலியே காணாத பல இலட்சம் பெண்களுக்குத் தையல் ஆலை முதன்முதலாகக் கையில் பணம் கொடுத்ததும், அவர்கள் விரும்பியே அங்கு சென்றதும் உண்மை. ஆனால் விரும்பி ஏற்றதாலேயே ஓர் ஒப்பந்தம் நியாயமாகிவிடுமா என்பதைத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடலிலேயே ஆராய்ந்து, இரு தரப்பின் சம்மதத்துக்கும் முந்தைய இயற்கை நீதி ஒன்று உண்டு, வறுமைக்கும் அச்சத்துக்கும் பணிந்து தரப்படும் சம்மதம் அந்த நீதியை நீக்கிவிடாது என்ற முடிவுக்கு வந்தார். உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியும், வங்காளதேசத்தின் பெரும்பான்மையினர் நன்கறிந்த மரபிலிருந்தே, உழைப்பை வெறும் சரக்காகக் கருத மறுக்கிறது. விலையுள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், மாண்புடைய மனிதருக்கு ஈடு இல்லை என்று 1785-இல் மெய்யியலாளர் கான்ட் செய்த பாகுபாடு இவ்விரண்டோடும் இசைகிறது.

ஆகவே குறைந்த கூலியையும் பாதுகாப்பற்ற கட்டடத்தையும் ஒரே தட்டில் வைப்பது பிழை. உற்பத்தித்திறன் குறைவாக உள்ள நாட்டில் கூலி குறைந்திருப்பது காலப்போக்கில் மாறக்கூடிய நிலை, அதைப் போட்டியில் பயன்படுத்துவதற்கு நியாயம் உண்டு. உயிரைப் பணயம் வைக்கும் உரிமையோ அரசுக்கும் இல்லை, ஆலை முதலாளிக்கும் இல்லை.

தனியொரு ஆலை செலவை ஏற்றால் பக்கத்து ஆலை ஆர்டரைப் பறித்துக்கொள்ளும் என்பதால், இந்த அறத்தைத் தனியாளின் மனசாட்சியிடம் மட்டும் ஒப்படைக்க முடியாது. 2013 மே மாதத்தில் வங்காளதேச ஆலைகளுக்காக ஆடை வாங்கும் வணிக நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை சட்டப்படி கட்டுப்படுத்தும் தன்மை உடையதாக இருந்தது. பின்னர் 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையொப்பமிட்ட அதன்படி, சார்பற்ற பொறியாளர்கள் ஆலைகளைச் சோதித்தனர், திருத்தாத ஆலையிடம் உறுப்பு நிறுவனங்கள் எதுவும் வாங்கக்கூடாது என்றாயிற்று. போட்டி அழியவில்லை: 2012-13 நிதியாண்டில் ஏறத்தாழ 2,150 கோடி டாலராக இருந்த வங்காளதேச ஆடை ஏற்றுமதி, 2018-19-இல் 3,400 கோடி டாலரைத் தாண்டியது.

கூலியின் நிலை வேறு. 2023 இறுதியில் பெரும் போராட்டங்களுக்குப் பின் உயர்த்தப்பட்ட மாதக் குறைந்தபட்சக் கூலியான 12,500 டாகா (வங்காளதேச நாணயம்), தொழிலாளர் கேட்டதைவிட மிகக் குறைவு. ஒரே வாங்குவோரை எதிர்பார்த்து நிற்கும் டாக்கா, திருப்பூர், கம்போடிய ஆலைகளுக்குள் கூலியைக் குறைக்கும் போட்டி நீடிக்கும்வரை எந்த நாடும் தனித்து அதை உயர்த்த அஞ்சும் என்பதை உணர்ந்து, வாங்கும் சக்தியின் அடிப்படையில் ஆசியா முழுமைக்கும் பொதுவான ஓர் அடிக்கூலியை நிர்ணயிக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் தொழிலாளர் அமைப்புகளும் 2009 முதல் கோரிவருகின்றன. கட்டடங்களுக்குப் பொது விதி செய்ய முடிந்தவர்கள் கூலிக்கும் அதைச் செய்ய மறுப்பதற்கு இதுவரை ஏற்கத்தக்க அறக்காரணம் எதுவும் கூறப்படவில்லை.