பெற்றார்க்குப் பட்ட கடன்

சென்ற தைத்திங்களில் ஒருநாள், தொண்ணூறாண்டு கடந்த எந்தையாரையும் அன்னையாரையும் உடன்கொண்டு கோடியக்கரைக்குச் சென்றிருந்தேன். கோடிக்குழகரை வழிபட்ட பின்னர் உப்பங்கழியின் ஓரத்தே வண்டியை நிறுத்தி, நண்பகல் வரையில் நீர்ப்பறவைகளை நோக்கியிருந்தோம். 1967-இல் அரசினரால் பறவைகட்கும் விலங்குகட்கும் புகலிடமாக்கப்பெற்ற கரை அது. எந்தையார்க்குக் கண்ணொளி மங்கி நான்காண்டாயிற்று. அன்னையார் தாம் கண்டவற்றையெல்லாம் அவர் செவியிற் சொல்லிக்கொண்டிருந்தார்; அவரோ ஓசையைக்கொண்டே 'இஃது உள்ளான், இஃது ஆலா' என மறுமொழி தந்தார்.

ஓராண்டாக என்னை வருத்தும் வினா ஒன்று உண்டு. திருமடம் ஒன்றை அடைந்து, எஞ்சிய நாளைச் சிவபூசையிலும் சாத்திர ஆராய்ச்சியிலும் கழித்தல் வேண்டுமென்பது என் விருப்பம். பெற்றாரை இளவலிடம் விடுத்துச் செல்லுதல் தகுமோ?

தகும் என்பார் கூற்று வலியுடையதே. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் வினைக்கீடாக இறைவனாற் கூட்டப்படுவன. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகிற்கு மாயை முதலும், இறைவன் சத்தி துணையும், இறைவன் நிமித்தமும் ஆவர் என்பது நம் நூற்றுணிபு. பெற்றார் இம்மூன்றனுள் ஒன்றும் அல்லர். உடல் வந்த வாயில் மாத்திரையே. வாயிலுக்குக் கடன்படுவார் யார்?

அன்று கண்ட வளைமூக்குள்ளானும் இக்கூற்றுக்கே சான்று பகர்வது போன்றிருந்தது. கைப்பிடியில் அடங்கும் அச்சிறுபுள் சைபீரியாவின் வடகோடி உறைபனி நிலத்திற் குஞ்சு பொரிப்பது. தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் குஞ்சுகளை விடுத்து முன்னரே தென்றிசை நோக்கிப் போந்துவிடும். குஞ்சுகளோ பின்னர், வழிகாட்டும் மூத்தோர் இன்றியே, பல்லாயிரங் கல் கடந்து இங்கு வந்து சேரும். உயிர்க்கு உயிராய் நின்று உணர்த்துவான் ஒருவன் உளன் என்பதற்கு இதனினும் வேறு காட்டு வேண்டுங்கொல்?

ஆயினும் அதே கழியிற் பூநாரைகளும் நின்றன. அவை தாயும் தந்தையுமாகிய இரண்டும் தம் கழுத்தினுட் சுரக்கும் செந்நீரை அலகின்வழிக் குஞ்சுக்கு ஊட்டி வளர்ப்பன. உள்ளானைப் பெற்றாரின்றியே செலுத்த வல்ல இறைவன், பூநாரையைப் பெற்றார் மிடற்றின் வழியே ஊட்டுகின்றான். என்னையும் அவ்வழியே ஊட்டினான். மேலும், மரத்தாலாகிய வாயில் சடம், அறியாது, வருந்தாது. அன்னையார் சித்துப்பொருள். எனக்கு அம்மை கண்ட நாளில் ஒருதிங்கள் உறங்காதிருந்தவர், தாம் இன்னது செய்கின்றோம் என்று அறிந்தே இருந்தார். அவ்வறிவினுள் நின்று இயக்கிய அருள் இறைவனது எனின், அவரை வெறும் வாயில் என்று கழித்தல் அவ்வருள் நின்ற இடத்தைக் கழித்தலேயாம்.

அற்றேல், பற்று பாசமன்றோ எனின், முற்றத் துறந்தாராகிய பட்டினத்தடிகள் அன்னையின் ஈமக்கடனுக்கு மீண்டுவந்த வரலாற்றை நினைக. சண்டேசுரர் தாதையின் தாளை எறிந்ததோ பூசைக்கு இடையூறு நேர்ந்த விடத்து. என் பூசைக்கு எந்தையார் யாதோர் இடையூறும் செய்தாரல்லர். நான் செய்வதே அவர் கற்பித்த பூசை. உண்மையைக் கூறுமிடத்து, இரவில் நான்குமுறை எழுந்து அவரைக் கைபற்றி நடத்தும் அலுப்பே எனக்கு இடையூறு. அதனின்று நீங்குதற்குப் பாசநீக்கம் எனப் பெயரிட்டேனோ என்று இப்போது ஐயுறுகின்றேன். திருமடத்துப் பெரியோர் இதன்கண் வேறு கருதுவராயின், இவ்விதழ்வாயிலாகத் திருத்துமாறு வேண்டுகின்றேன்.

திரும்புங்கால் கடற்காற்று மிகுந்தது. 'துணையின்றிக் கடற்கரையில் தனித்திருக்கின்றீரே என்று சுந்தரர் இறைவனை நோக்கி வருந்தியது இவ்விடத்தன்றோ?' என்றார் அன்னையார். எந்தையார் அப்பதிகத்தைப் பாடத்தொடங்கினார். நான்காம் பாட்டில் மறதியால் நின்றார். சிறிது பொறுத்து, நான் அடியெடுத்துக் கொடுத்தேன்.