மூடிய கையும் திறந்த கையும்



ஒருவன் அரிதிற் கற்ற அறிவைப் பிறர்க்கு உரையாது மறைத்து வைத்தல் குற்றமாகுமா? தன் பொருளைத் தன் பெட்டியிற் பூட்டி வைப்பவனை நாம் கள்வன் என்பதில்லை. அங்ஙனமிருக்க, தன் அறிவைத் தன் நெஞ்சிற் பூட்டி வைப்பவனை மட்டும் குறை கூறுதல் நியாயமாகுமா? இவ்வினா ஏட்டைப் படித்து எழுந்ததன்று. பஞ்சாலையின் இரைச்சலுக்கிடையே எழுந்தது.

நாம் பதினெட்டாம் வயதில் ஒரு நூற்பாலையிற் பதிலியாகச் சேர்ந்தோம். கதிர் ஓடும்போது நூல் அறுந்தால், அந்த ஒரு கதிரை மட்டும் நிறுத்திப் பிடித்து, அறுந்த நுனியைச் சிறு வளையத்திற் கோத்து, உருளையிலிருந்து வரும் பஞ்சிழையோடு ஒட்டவேண்டும். இவ்வேலையை வாயாற் சொல்லிக் கொடுக்க முடியாது. முதிய தொழிலாளர் ஒருவர் தம் கையை நம் கைமேல் வைத்து, பத்து நாள் பொறுமையாய்ப் பழக்கினார். அவருக்கு எழுத்தறிவு இல்லை. சம்பள நாளில் பிடித்தம் எவ்வளவு, சேமநிதி எவ்வளவு என்று அவருக்குச் சீட்டைப் படித்துச் சொன்னவர் நாம். பின்னர், எண்களைத் தாமே படிக்கவும் கற்றுக்கொண்டார். கைத்தொழிலில் அவர் ஆசிரியர், நாம் மாணவர். எழுத்தில் நாம் ஆசிரியர், அவர் மாணவர். அதனால் அவர் பெருமை குறையவில்லை. நம் தலையும் கனக்கவில்லை.

அதே ஆலையில் மேஸ்திரி ஒருவரும் இருந்தார். நூலின் நம்பர் மாற்றும்போது எந்தப் பற்சக்கரத்தைக் கழற்றி எதைப் பூட்டுவது என்னும் கணக்கு அவருக்கே தெரியும். அவ்வேலையைச் செய்யும்போது நமக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். ஒருமுறை அவர் நோயுற்று மூன்று வாரம் படுத்தார். சக்கரம் பொருந்தாமல் நூல் அறுந்துகொண்டேயிருந்தது. ஈற்றில் இயந்திரங்களை நிறுத்தினர். பதிலிகளாகிய நம்மை வாயிலிலேயே திருப்பி அனுப்பினர். ஒருவர் மூடிய கைக்குள் பல வீடுகளின் சோறு அகப்பட்டுக்கொண்டதை அன்று கண்டோம்.

அவரைக் கொடியவர் என்று பல்லாண்டு எண்ணியிருந்தோம். ஆலை மூடப்பட்ட பிறகு ஒருநாள் தேநீர்க்கடையிற் சந்தித்து, “ஏன் அண்ணே, எங்களுக்குச் சொல்லித் தரவில்லை?” என்று கேட்டோம். “தம்பி, அந்தக் கணக்கை நான் பன்னிரண்டு வருடம் அடியும் திட்டும் வாங்கிக் கற்றேன். உனக்குச் சொல்லித் தந்திருந்தால், பாதிக் கூலிக்கு உன்னை வைத்துக்கொண்டு என்னை அனுப்பியிருப்பார்கள்,” என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. அவர் கையை மூடியது பொறாமையன்று, அச்சம்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. கற்பிப்பவனுக்குக் காப்பில்லாத இடத்தில், கற்பி என்று கட்டளையிடுவதால் மட்டும் பயனில்லை. அறிவைக் கொடுத்தவன் இடத்தை இழப்பானாயின், அறிவு மறைக்கப்படவே செய்யும். ஆகவே குற்றம் தனி மனிதனை மட்டும் சார்ந்ததன்று. அவனை அஞ்சவைத்த ஏற்பாட்டையும் சார்ந்தது.

இனி, இதனினும் கொடிய மறைப்பு ஒன்றுண்டு. ஒருவன் மறைப்பதன்று அது. ஒரு கூட்டமே சேர்ந்து மறைப்பது. பம்பாய் ஆலைகளில் நெசவுப் பகுதிக்குக் கூலி மிகுதி. தார் தீர்ந்தபோது, நாடாவின் கண் வழியே ஊடை நூலை வாயால் உறிஞ்சி இழுப்பது அக்கால வழக்கம். தீண்டத்தகாதவர் வாய்பட்ட நாடாவைத் தாம் தொடமாட்டோம் என்று சொல்லி, மற்றத் தொழிலாளர் நம்மவரை அப்பகுதியில் நுழையவிடவில்லை. கூலி குறைந்த பகுதிகளே நம்மவர்க்கு எஞ்சின. 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இவ்வநீதியை எடுத்துரைத்து, நெசவுப் பகுதியைத் திறக்கவேண்டும் என்று வாதாடினார். தொழில் என்பது தேர்ந்தவன் அருகில் நின்று கற்பது. அருகில் நிற்கவே இடமில்லையெனின், தந்தை கல்லாததை மகன் எங்ஙனம் கற்பான்? ஆகவே மறைக்கப்பட்டது ஒரு நாட் கூலி அன்று. ஒரு பரம்பரையின் கல்வி.

மேற்கண்ட வினாவிற்கு இங்கே விடை கிடைக்கிறது. பொருளைப் பகிர்ந்தால் கொடுத்தவனிடம் குறையும், அறிவு குறைவதில்லை. அன்றியும், யாருடைய அறிவும் அவர் ஒருவரே விளைவித்ததன்று. மேஸ்திரிக்கும் ஒரு மேஸ்திரி இருந்தார். பிறரிடமிருந்து வாங்கியதைத் தன்னோடு முடித்துக்கொள்வது வாய்க்காலை அடைப்பது போலாகும். காத்தவராயன் என்னும் பிறப்புப் பெயரை விடுத்துத் தம் ஆசிரியரின் பெயரையே தம் பெயராகக் கொண்டார் பண்டிதர் அயோத்திதாசர். கற்றதைத் தமக்கென வைத்துக்கொண்டாரா? 1907இல் ஏடு தொடங்கிக் காலணா விலையில் ஊர்தோறும் அனுப்பினார். கடனை அடைக்கும் முறை அதுவே.

பகவான் தம் இறுதி மழைக்காலத்தில், வைசாலியை அடுத்த வேளுவ கிராமத்தில் நோயினின்று தேறியபோது, ஆனந்தருக்கு உரைத்ததை நாம் அறிவோம். தம் போதனையில் ஆசிரியன் மூடிய கை என்பது இல்லையென்றும், உள்ளென்றும் புறமென்றும் பிரியாமல் யாவும் உரைத்துவிட்டதாகவும் அருளினார். தமக்குப் பின் ஒருவரைத் தலைவராக நியமிக்கவுமில்லை. தம்மமும் விநயமுமே ஆசிரியன் என்றார்.

சங்கத்தின் ஒழுங்கில் இதற்கேற்ற ஏற்பாடுகளும் உள. புதிதாய்ச் சேர்ந்த பிக்கு மூத்தவர் ஒருவரைச் சார்ந்து வாழ்தல் வேண்டும். மூத்தவர் அவரை மகனாகவும், அவர் மூத்தவரைத் தந்தையாகவும் கருதவேண்டும். மாணவர் நோயுற்றால் ஆசிரியரே பணிவிடை செய்யவேண்டும். தேர்ந்தவர்க்கு அச்சார்பு ஐந்தாண்டுக்கு மேல் வேண்டுவதில்லை. என்றும் ஊன்றுகோல் பிடித்து நடத்துவது கற்பித்தல் ஆகாது. இவற்றினும் வியப்பானது ஒன்றுண்டு. ஆசிரியர் குற்றத்தை நெருங்கும் சொல்லைச் சொல்லப் புகுந்தால், மாணவர் அவரைத் தடுக்கவேண்டும் என்பதும் அவ்விதியில் அடங்கும். திருத்துதல் அவமதிப்பன்று, அதுவும் பணிவிடையே.

இதை நாம் பலமுறை மேடையில் உரைத்திருக்கிறோம். உரைத்ததுபோல் நடந்தோமா? வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பஞ்சசீலத்தை விளக்குகையில், ‘வேரமணி’ என்னும் சொல்லை வேரோடு களைதல் என்று நாம் பொருள் கூறிவந்தோம். தானே கற்றவனுக்கு நேரும் பிழை அது. தமிழ் ஒலியை நம்பிப் பாளிக்குப் பொருள் கொண்டோம். கல்லூரியிற் பயிலும் நம் பெண் ஒருத்தி எழுந்து, “ஐயா, அதற்கு விலகியிருத்தல் என்றுதான் பொருள்,” என்றாள். சபையில் பலரிருந்தனர். நமக்கு முகம் சுருங்கியது. “உன் வயதைவிட நம் தொண்டின் வயது அதிகம், உட்கார்,” என்றோம். அவள் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் வரவில்லை.

பின்னர் நூல்களைப் பார்த்தோம். அவள் சொன்னதே சரி. அவள் இல்லம் சென்று பிழை பொறுக்குமாறு கேட்க நமக்கு மூன்று மாதம் பிடித்தது. “தவறைச் சொன்னால் மகிழ்வீர்கள் என்று நினைத்தேன் ஐயா,” என்றாள். வேறு சொல்லவில்லை. சில நாளில் வேலை கிடைத்து வெளியூர் சென்றுவிட்டாள். நம் வகுப்பில் இன்று பாளி அறிந்தவர் ஒருவருமில்லை. முதுகைக் காட்டி நின்ற மேஸ்திரிக்காவது வயிற்றின் அச்சம் இருந்தது. நமக்கு என்ன அச்சம்? மரியாதை போய்விடும் என்னும் அச்சமே. கொடாத கை மட்டுமன்று, வாங்காத கையும் மூடிய கைதான் என்பதை ஐம்பது வயதிற்குமேல் கற்றோம்.

இளைஞர் சங்கத்திற்கு வருவதில்லை என்று முதியோர் வருந்துகின்றனர். வந்தவர்க்கு என்ன கொடுத்தோம்? நாற்காலி அடுக்கவும் கொடி கட்டவும் ஏவினோம். கணக்குப் புத்தகத்தை யாரிடம் காட்டினோம்? நன்கொடைக்கு யாரைப் பார்ப்பது, இடத்தின் பட்டா எங்குள்ளது, மணவினையும் இறுதிக்கடனும் எம்முறையில் நடத்துவது, இவையெல்லாம் இரண்டொருவர் நெஞ்சிலேயே கிடக்கின்றன. அவர் கண்மூடினால் சங்கமும் அன்றைய ஆலைபோல் நின்றுபோகும்.

ஆதலின் நாம் வேண்டுவது மூன்று. ஒவ்வொரு பொறுப்பிலும் முதியவர் ஒருவரோடு இளையவர் ஒருவர் இணைந்து பணிசெய்க. குறித்த காலத்தில் பொறுப்பு இளையவர் கைக்கு மாறுக. பொறுப்பை ஒப்படைத்த முதியவரை மூலையில் உட்காரவைக்காமல் ஆசிரியராகப் போற்றுக. அச்சம் நீங்கினாலன்றிக் கை திறவாது. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும், பேசியவர் கூறியதில் பிழையுளதா என்று இளையோரைக் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்துக. முதற்கண் நம் உரையிலிருந்தே அதைத் தொடங்குவோம்.

நன்னட்பு அறவாழ்வின் பாதி என்றார் ஆனந்தர். பாதியன்று, முழுவதும் அதுவே என்று திருத்தினார் பகவான். அந்நட்பில் உயர்ந்த ஆசனமில்லை; ஒருவர் கைமேல் ஒருவர் கை வைத்து அறுந்த நூலை ஒட்டுவதே உண்டு.

எல்லா உயிர்களும் நலமுறுக!