இல்லத்தில் ஓர் ஏழுநாள் சாதனை

கர்நாடக மாநிலத்திலுள்ள கோலார் தங்கவயல், தமிழ் மக்களின் வியர்வையால் வளர்ந்த ஊர். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கு சுரங்கப் பணியைத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் சென்று குடியேறினர். ஏறக்குறைய 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் அந்த மண்ணிலிருந்து வெளிவந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது.

அத்தகைய ஆழத்தில் மனிதன் பாதுகாப்பாகப் பணிபுரிய வேண்டுமானால் இரண்டு காரியங்கள் இடைவிடாமல் நடைபெற வேண்டும். கூண்டைத் தாங்கும் கம்பிவடத்தைக் குறித்த கால இடைவெளியில் தவறாமல் சோதிக்க வேண்டும். பாறையிடுக்குகளில் ஊறும் நீரை ஓயாமல் இறைக்க வேண்டும். இவற்றால் ஒரு குன்றிமணித் தங்கமும் கிடைப்பதில்லை. ஆனால் இவை இல்லாமல் தங்கமும் இல்லை, அதை எடுப்பவனும் இல்லை. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. பின்னர் நீரிறைப்பும் நின்றது. தலைமுறை தலைமுறையாக மனிதர் நடமாடிய சுரங்கப் பாதைகளில் இன்று நீர் நிறைந்திருக்கிறது. எந்த வெள்ளமும் அங்கே பாய்ந்து வரவில்லை. தினமும் ஊறியது தினமும் வெளியேற்றப்படவில்லை, அவ்வளவே.

மனித மனமும் இத்தகையதே. கவலை, களைப்பு, எரிச்சல், ஏக்கம் ஆகியவை ஒரே நாளில் நம்மை மூழ்கடிப்பதில்லை. சிறுகச் சிறுக ஊறுகின்றன. அவற்றை இறைத்து வெளியேற்ற நாம் நேரம் ஒதுக்குகிறோமா என்பதே கேள்வி.

சுரங்கம் மூடப்பட்ட பின்னர் தங்கவயல் மக்களில் ஆயிரக்கணக்கானோர் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலில் சென்று வருகின்றனர். ஒருவழிப் பயணத்துக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிவிடும். இருள் பிரியும் முன்னர் புறப்பட்டு, இருட்டிய பின்னர் லைன் வீடு திரும்பும் தாய்மார்கள் அவர்களுள் பலர். வீட்டிலோ, பாறைத்தூளைச் சுவாசித்து நுரையீரல் நைந்த முதியவர் இருமிக்கொண்டிருப்பார், குழந்தைகளின் பாடங்கள் காத்திருக்கும், அடுப்பும் காத்திருக்கும்.

இத்தகைய தாய் ஒருவர் சத்சங்கத்தில் கேட்டார்: “சுவாமிஜி, வீட்டில் நோயாளி இருக்கும்போது எனக்கென்று அரை மணி நேரம் எடுத்துக்கொள்வது சுயநலம் ஆகாதா?”

இது நேர்மையான உள்ளத்திலிருந்து எழும் கேள்வி. சுயநலமே உருவானவர்கள் இவ்வாறு கேட்பதில்லை. இதற்கு விடை காண, உடலை நாம் எவ்வாறு கருதுகிறோம் என்பதை முதலில் ஆராய வேண்டும். ‘இந்த உடலே நான்’ என்று எண்ணி அதற்குச் சுகம் தேடினால் அது போகம். ‘இந்த உடல் இறைவன் என்னிடம் ஒப்படைத்த பொருள், இதனைக் கொண்டு நான் பிறருக்குப் பயன்பட வேண்டும்’ என்று எண்ணி அதனைப் பேணினால் அது யோகம். செயல் ஒன்றே, பாவனைதான் வேறு. கோயில் விளக்குக்கு எண்ணெய் வார்க்கும் அர்ச்சகரை விளக்கின்மீது ஆசை கொண்டவர் என்று யாரும் சொல்வதில்லை.

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் தியான யோகத்தை உபதேசிக்கும் பகவான், 16, 17ஆம் சுலோகங்களில் உணவு, உறக்கம், உழைப்பு ஆகியவற்றில் அளவைக் கடைப்பிடிக்குமாறு வலியுறுத்துகிறார். மிகுதியாக உண்பவனுக்கு மட்டுமல்ல, பட்டினி கிடப்பவனுக்கும் யோகம் கைகூடாது. மிகுதியாக உறங்குபவனுக்கு மட்டுமல்ல, உறக்கத்தைத் துறப்பவனுக்கும் கைகூடாது என்பது அங்கு தரப்படும் எச்சரிக்கை. தன்னை வருத்திக்கொள்வதையே தியாகம் என்று கருதும் நம் இல்லத்தரசிகள் இதனை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

உலகியல் சட்டமும் இந்த உண்மையை ஏற்றுக்கொண்டுள்ளது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், ஒரு தொழிலாளியை வாரத்தில் ஆறு நாட்களுக்கு மேல் பணிபுரிய விடலாகாது என்று விதித்தது. சுரங்கத்தில் இறங்கியவருக்கு ஏழாம் நாள் ஓய்வு கிடைத்தது. அந்த ஏழாம் நாளில் அவருக்குக் களி கிண்டிப் பரிமாறிய தாய்க்கு எந்த நாள் ஓய்வு? இந்தக் கேள்விக்கு விடை தர வேண்டியது சட்டமன்று, குடும்பம்.

ஆனால் ஓய்வு என்ற பெயரில் தமஸ் நுழைந்துவிடக் கூடாது. நள்ளிரவு வரை கைப்பேசியில் காட்சிகளைத் தள்ளிக்கொண்டிருப்பது ஓய்வு போலத் தோன்றும். எழும்போது களைப்பு கூடியிருக்கும். எழுந்த பின்னர் மனம் தெளிவாகவும், உடல் லேசாகவும், பிறர்மீது அன்பு மிகுந்தும் இருந்தால் அது சாத்விக ஓய்வு. இதுவே உரைகல்.

இனி, இல்லத்திலேயே பின்பற்றத்தக்க ஒரு வார நியமத்தைக் காண்போம். தினமும் காலையில் பத்து நிமிடம் ஜபமோ தியானமோ செய்வது இதற்கு அடித்தளம். வெள்ளி அல்லது சனிக்கிழமை, உடல்நிலை இடம் தந்தால், நம் முன்னோர் வழக்கப்படி எண்ணெய்க் குளியல். வாரத்தில் இரண்டு மாலைகளில் அரை மணி நேரம் திறந்தவெளியில் நடை. ஓர் இரவு, எந்த வேலை மீதமிருந்தாலும், ஒரு மணி நேரம் முன்னதாக உறக்கம். ஒரு நாள், மனம்விட்டுப் பேசத்தக்க தோழியோடு அல்லது உறவினரோடு உரையாடல். ஞாயிறன்று ஒரு மணி நேரம் கைப்பேசியை அணைத்துவிட்டு நூல் வாசிப்பும் மௌனமும். அந்த மௌனத்தின் இறுதியில், ‘இந்த வாரம் என் உள்ளத்தில் எது ஊறியது? எதை நான் வெளியேற்றவில்லை?’ என்று சோதித்தல்.

இவை அனைத்தையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள். பின்னர் அடுத்ததைச் சேருங்கள். அந்த நேரத்தில் சமையலறையையும் நோயாளியின் அறையையும் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் ஏற்றுக்கொள்ளட்டும். அது அவர்களுக்குக் கர்மயோகம். மேலும் ஒன்று: உறக்கமின்மையோ காரணமறியாத துயரமோ வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்கக் கூடாது. காய்ச்சலுக்கு மருந்து உண்பது எவ்வாறு பக்திக்குக் குறைவாகாதோ, அவ்வாறே இதுவும்.

‘இட நெருக்கடியில் இதெல்லாம் இயலுமா?’ என்று சிலர் ஐயுறலாம். தட்சிணேசுவரத்தில் அன்னை ஸ்ரீசாரதாதேவியார் வாழ்ந்த நகபத் அறை மிகச் சிறியது. சமையலும் பொருள்களும் விருந்தினரும் அதற்குள்ளேதான். ஆயினும் விடியலுக்கு முன்னர் எழுந்து ஜபத்தில் அமர்வதை அன்னை கைவிடவில்லை. 1911ஆம் ஆண்டு பெங்களூர் ஆசிரமத்துக்கு வருகை தந்தபோதும், தரிசிக்க வந்த பெருங்கூட்டத்துக்கிடையில், ஆசிரமத்தின் பின்புறமிருந்த பாறையில் மாலைவேளையில் அமைதியாக அமர்ந்தார். ஆகவே தேவைப்படுவது பெரிய இடமன்று, உறுதியான சங்கல்பம்.

தங்கவயலுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1965ஆம் ஆண்டில் அங்கு சாம்பியன் ரீப் சுரங்கத்தில், ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்களும் அவர்களுடைய அயல்நாட்டுக் கூட்டாளிகளும் நியூட்ரினோ என்னும் நுண்துகள் விட்டுச்சென்ற தடயத்தைக் கண்டறிந்தனர். மேற்பரப்பில் காஸ்மிக் கதிர்களின் ஆரவாரம் மிகுதி. அதில் அந்த மெல்லிய தடயம் புலப்படாது. ஆகவேதான் ஆழத்துக்குச் சென்றனர். நம் அன்றாட ஆரவாரத்திலும் இறைவனின் மெல்லிய குரல் கேட்பதில்லை. வாரத்தில் ஒரு மணி நேர மௌனம் அந்த ஆழத்துக்கு இறங்கும் கூண்டு.

ஸ்ரீராமகிருஷ்ணரின் குருவான தோதாபுரி, ஞானியாக இருந்தும் நாள்தோறும் தியானம் செய்து வந்தார். காரணம் கேட்டபோது, தினமும் துலக்கியதால் பளபளத்த தம் உலோகச் சொம்பைச் சுட்டிக்காட்டி, துலக்காவிடில் மங்கிவிடும் என்ற உண்மையை உணர்த்தினார். பாத்திரம் தங்கமாக இருந்தால் துலக்கத் தேவையில்லையே என்பது குருதேவரின் மறுமொழி.

அன்பர்களே, தங்கமாகிவிட்ட மகான்களுக்கு நியமங்கள் தேவையில்லாமல் இருக்கலாம். நாம் இன்னும் பித்தளைதான். அதற்காக வருந்த வேண்டியதில்லை, துலக்கினால் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமையே அதற்கு நல்ல நாள்.